பேஸ் கிட்டாரின் பலகையை மாற்றுவது ஒருநாள் வேலையல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பின் கேள்வி-பதில் பகுதியில், ‘என் பேஸ் கிட்டாரில் இருக்கும் ஈட்டி மர ஃபிங்கர்போர்டை எடுத்துவிட்டுக் கருங்காலி போட்டால் சத்தம் கனமாகுமா?’ என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். ‘ஆகும். நல்ல தச்சரிடம் கொடுத்தால் ஒரே நாளில் முடித்துத் தருவார்’ என்று பதில் வந்திருந்தது. ஃபிங்கர்போர்டு என்பது நெக்கின், அதாவது கிட்டார் கழுத்தின், மேல் ஒட்டியிருக்கும் பலகை; கம்பிகளை விரலால் அழுத்துவது அதன் மேல்தான். பதிலின் இரண்டு பாதியும் தவறு. கிட்டார் பழுதுபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் நாங்கள். அந்தப் பதிலை நம்பி யாராவது பலகையை உரிக்க இஸ்திரிப்பெட்டியைச் சூடாக்குவதற்கு முன் இது அச்சேறினால் நல்லது.

சத்தத்தை முதலில் பார்த்துவிடலாம். ஃப்ரெட், அதாவது பலகையில் குறுக்கே பதித்த உலோகப் பட்டி, உள்ள பேஸில் கம்பியை அழுத்தினால் அது போய் உட்காருவது ஃப்ரெட்டின் உலோகத்தில்தான், மரத்தில் அல்ல. அந்த அதிர்வை மின்சாரமாக மாற்றுவது பிக்கப்பின் காந்தமும் சுருளும். கம்பி புதிதா பழசா, சொரசொரப்பான ரவுண்ட்வவுண்டா வழவழப்பான ஃப்ளாட்வவுண்டா, விரலால் மீட்டுகிறீர்களா பிக்காலா, பிக்கப் கம்பிக்கு எத்தனை மில்லிமீட்டர் கீழே இருக்கிறது என்பவைதான் சத்தத்தைத் தீர்மானிக்கின்றன. பலகையின் மரம் இந்த வரிசையில் வெகு பின்னால் நிற்கிறது. புதிய பலகை போட்டதும் சத்தம் மாறியதாகத் தோன்றும்; கூடவே புதுக் கம்பி, புது ஃப்ரெட், தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் புது நட், புது செட்டப் எல்லாம் வந்திருப்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

மாறுகிற விஷயம் ஒன்று உண்டு. நாலு கம்பி பேஸ்களில் பெரும்பாலும் ஜி கம்பியில் 5-ஆம் ஃப்ரெட்டிலிருந்து 7-ஆம் ஃப்ரெட்டுக்குள் ஒரு ஸ்வரம் மட்டும் சட்டென்று செத்துவிடும். நெக்கின் சொந்த அதிர்வெண்ணும் அந்த ஸ்வரமும் மோதுவதால், கம்பியின் சக்தியை நெக் குடித்துவிடுகிறது. கனமான, விறைப்பான பலகை ஒட்டினால் நெக்கின் அதிர்வெண் நகரும். அதோடு அந்தச் செத்த இடமும் ஒரு ஃப்ரெட் மேலோ கீழோ நகரும், அவ்வளவுதான். மறைந்து போகாது. இதற்காகப் பலகையை உரிப்பது வீண்வேலை. தலைப்பக்கம் சின்ன எடை ஒன்றைக் கவ்வவிட்டாலே அதே நகர்வு கிடைக்கும்.

ஃப்ரெட்டே இல்லாத ஃப்ரெட்லெஸ் பேஸ் வேறு கதை. அங்கே கம்பி மரத்தையே தொடுகிறது. மரத்தின் கடினம் காதில் விழும், கையிலும் தெரியும். ரவுண்ட்வவுண்ட் கம்பி ஈட்டியை அரம் போல் அராவும். அடிக்கடி வாசிக்கும் இடங்களில் கம்பிக்குக் கீழே பள்ளம் விழுந்து, ஸ்வரம் கரகரக்கத் தொடங்கும். கருங்காலி அதை நெடுநாள் தாங்கும். ஆனால் இங்கேகூட மரத்தை மாற்றாமல் சமாளிக்க வழியுண்டு. அமெரிக்க பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் தம் 1962 ஃபெண்டர் நிறுவன ஜாஸ் பேஸின் ஈட்டிப் பலகையை மாற்றவில்லை. ஃப்ரெட் இருந்த பள்ளங்களை அடைத்து, படகுகளுக்குப் பூசும் எபாக்ஸிப் பிசினைப் பல பூச்சு பூசிக்கொண்டார். ஃப்ரெட்லெஸ் என்றதும் உலகமே நினைத்துக்கொள்ளும் அந்தச் சத்தம் எபாக்ஸி போர்த்திய ஈட்டியிலிருந்து வந்ததுதான்.

அப்படியானால் பலகையை எப்போதுதான் மாற்றுவது? பலகை நீளவாக்கில் பிளந்திருந்தால், பலமுறை இழைத்து இழைத்து நடுவிலேயே 4 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால், ஃப்ரெட் பள்ளங்களின் ஓரம் உதிர்ந்து ஃப்ரெட் நிற்காமல் போனால், நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே வைத்திருக்கும் எஃகுத் தண்டான ட்ரஸ் ராடு அறுந்து, அதை எடுக்க வேறு வழி இல்லாதபோது, ஃப்ரெட்லெஸ் ஆக்கும்போது. ஆறாவதாக ஒரு காரணத்தை நாங்கள் ஒப்புக்கொள்வதில்லை. நிறம் பிடிக்கவில்லை என்றால் ஈட்டியைக் கறுப்புச் சாயம் போட்டே கருங்காலி போல ஆக்கிவிடலாம். தொழிற்சாலைகளே அதைத்தான் செய்கின்றன.

ஃபெண்டர் வகையில் நெக்கை உடம்போடு நாலு திருகாணிகள்தான் பிடித்திருக்கின்றன. 34 அங்குல ஸ்கேல் (அதிரும் கம்பியின் நீளம்), 20 ஃப்ரெட், உடம்போடு சேரும் அடிப்பக்கத்தில் அகலம் 63.5 மில்லிமீட்டர் என்ற அளவில் நீங்கள் விரும்பும் மரத்திலேயே தயார் நெக் கிடைக்கிறது. பலகை மாற்றும் கூலி பல சமயம் அந்த நெக்கின் விலையைத் தாண்டும். வாங்கி மாட்டுங்கள், பழையதைத் துணி சுற்றிப் பத்திரப்படுத்துங்கள். ரிக்கன்பேக்கர் 4001 போல நெக்கும் உடம்பின் நடுப்பகுதியும் ஒரே மரமாக ஓடுகிற பேஸ்களுக்கும், நெக் ஒட்டப்பட்டிருக்கும் பேஸ்களுக்கும்தான் இந்த வாய்ப்பு இல்லை. கையில் இருப்பது உண்மையான 1960களின் ஃபெண்டர் என்றால் எதையும் தொடாதீர்கள். பிளந்த மூலப்பலகைக்கு இருக்கும் மதிப்பு, பளபளக்கும் புதுப்பலகைக்கு இருக்காது.

இனி மரம். ஈட்டி கன மீட்டருக்கு ஏறக்குறைய 830 கிலோ. ஆப்பிரிக்கக் கருங்காலி 950-ஐ ஒட்டி வரும். மேப்பிள் 700 சொச்சம். பாவ் ஃபெரோ என்ற தென் அமெரிக்க மரம் ஈட்டிக்கு மிக நெருக்கம். 2017-இல் மெக்சிகோவில் செய்யும் கருவிகளுக்கு ஃபெண்டர் ஈட்டியை விட்டு இதற்குத்தான் மாறியது. அந்த ஆண்டு ஜனவரி 2-ஆம் தேதி முதல் ஈட்டி அடங்கிய டால்பெர்ஜியா பேரினம் ஏறக்குறைய முழுவதும், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலுக்குள் வந்ததே காரணம். 2019 நவம்பர் முதல் முழுதாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு வந்துவிட்டது. வெட்டிய பலகைக்கு இன்றும் விலக்கு இல்லை என்பதால், வெளிநாட்டிலிருந்து ஈட்டிப் பலகை வரவழைக்க நினைப்பவர்கள் காகிதங்களைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. நம் காட்டு மரத்தை அப்படி வரவழைப்பதே வேடிக்கைதான்.

ஃபெண்டரின் மலிவு வரிசையான ஸ்குவையர் பேஸ்களில் ‘இந்தியன் லாரல்’ என்று போட்டிருப்பதைப் பார்த்து, ‘இது ஈட்டி இல்லையாமே, மாற்றிக் கொடுங்கள்’ என்று வருகிறவர்கள் நிறையப் பேர். அது நம் கருமருது. எடையிலும் கடினத்திலும் ஈட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறது. நிறந்தான் சற்று வெளிறு. அதை மாற்றுவதில் ஒரு பயனும் இல்லை.

ஈட்டி உள்ளூரில் வேண்டும் என்றால் புதிதாக வெட்டிய மரத்தைத் தேடாதீர்கள். சட்டச் சிக்கல் ஒருபுறம் இருக்க (பட்டா நிலத்து ஈட்டியைக்கூட அனுமதியின்றி வெட்டுவதைத் தடுக்கத் தமிழ்நாடு 1994-இலேயே தனிச்சட்டம் கொண்டுவந்தது), பச்சை மரம் நமக்கு உதவாது. காரைக்குடிப் பக்கத்துப் பழைய சாமான் கடைகளில் கிடைக்கும் உடைந்த ஈட்டிக் கட்டிலின் சட்டமோ மேசைக் காலோ பல பத்தாண்டு காய்ந்த மரம். ரம்பம் வைக்கும் முன் காந்தத்தை ஒருமுறை ஓடவிடுங்கள். உள்ளே ஆணி இருக்கும். ஆணியைப் பிடுங்கினாலும் அதைச் சுற்றிக் கருநீலக் கறை ஓடியிருக்கும், அந்தப் பகுதியைத் தள்ளிவிட வேண்டும். தேவைப்படும் துண்டு 700 மில்லிமீட்டர் நீளம், 75 அகலம், 8 கனம். முனையைப் பார்த்தால் ஆண்டு வளையக் கோடுகள் பலகையின் அகலத்துக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். படுத்திருந்தால் ஈரம் ஏறி இறங்கும்போது பலகை கிண்ணம் போலக் குவியும்.

கருங்காலி விஷயத்தில் இன்னொரு எச்சரிக்கை. மாலைக்கும் கோலுக்கும் கிராக்கி கூடியதிலிருந்து கருங்காலி என்ற பெயரில் என்னென்னவோ மரம் விற்கிறார்கள். சாயம் போட்ட மரத்தை ஈரப் பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்தால் பஞ்சு கறுக்கும். ஒரு முனையை இரண்டு மில்லிமீட்டர் அறுத்துப் பாருங்கள். உள்ளும் கறுப்பாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

வேலை கெட்டுப்போவதில் பெரும்பங்கு ஈரத்தால்தான். சென்னைக் காற்றில் திறந்து கிடக்கும் மரம் தன் எடையில் 13, 14 சதவீதம் ஈரம் வைத்துக்கொள்ளும். அதே மரத்தை ஏசி ஓடும் ஸ்டுடியோவில் சில வாரம் வைத்தால் 9, 10-க்கு இறங்கும். அந்த நாலு சதவீத இறக்கத்தில், வளையக் கோடு செங்குத்தாக நிற்கும்படி அறுத்த ஈட்டிப் பலகை 62 மில்லிமீட்டர் அகலத்தில் கால் மில்லிமீட்டர் சுருங்கும். கருங்காலி அதைப் போல் இரண்டு மூன்று மடங்கு சுருங்கும். ஃப்ரெட் உலோகம் சுருங்காது. எனவே ஓரங்களில் ஃப்ரெட் முனை துருத்திக்கொண்டு, வாசிக்கிறவர் உள்ளங்கையை ரம்பம் மாதிரி கீறும். மரத்தைக் கொண்டுவந்த அன்றே ஒட்டுவதன் விலை இது.

பலகையை எந்த அறையில் பேஸ் இருக்கப் போகிறதோ அதற்கு ஒத்த அறையில், அடியில் சிறு குச்சிகள் கொடுத்து இருபுறமும் காற்றுப் படும்படி வையுங்கள். ஒரு கிராம் காட்டும் சமையலறைத் தராசு போதும். வாரம் ஒருமுறை நிறுத்து, எடையைப் பென்சிலால் பலகை முனையிலேயே எழுதுங்கள். தொடர்ந்து மூன்று வாரம் எடை மாறாமல் நின்றால்தான் அது தயார். ‘ஒரே நாள்’ கணக்கு இங்கேயே உடைந்துவிட்டது.

பழைய பலகையை உரிக்கும் முன் அளவெடுப்பது கட்டாயம். நட்டில் நெக்கின் அகலம் (ஃபெண்டரின் ஜாஸ் பேஸில் 38, பிரிசிஷன் பேஸில் 41 முதல் 44 வரை), கடைசி ஃப்ரெட்டில் அகலம், பலகையின் நடுக்கனம், ஓரக்கனம், அடிப்பக்கத்தில் நெக்கும் பலகையும் சேர்ந்த உயரம். ஃபெண்டர் வகையில் இந்தக் கடைசி அளவு 25.4 மில்லிமீட்டர். புதுப்பலகை போட்ட பிறகும் இதே எண் வர வேண்டும். ஒரு மில்லிமீட்டர் கூடினால், உடம்பின் பக்கம் கம்பிகளைத் தாங்கும் சாடில்களை ஒரு மில்லிமீட்டர் ஏற்ற வேண்டியிருக்கும். குறைந்தால் சாடில் தரையைத் தொட்டும் கம்பி இறங்காது. ஃப்ரெட்லெஸ் ஆக்குபவர்கள் அங்கே ஃப்ரெட்டின் உயரம் இல்லை என்பதை மறக்கக் கூடாது: பலகையை ஒரு மில்லிமீட்டர் கனமாக வைத்தால் மற்ற எதையும் தொட வேண்டாம்.

நெக் எந்த வகை என்றும் பார்க்க வேண்டும். பின்புறம் கரும்பழுப்பு மரக்கோடு நீளமாக ஓடி, முன்புறமும் மேப்பிளாகவே இருந்தால், அது ஒரே மரத்தில் செதுக்கிய நெக். உரிப்பதற்குத் தனிப் பலகையே கிடையாது. மேலே ஆறு மில்லிமீட்டர் இழைத்தெடுத்துத்தான் புதியதை ஒட்ட வேண்டும். அதற்குள் ட்ரஸ் ராடு வில்லாக வளைந்து கிடக்கிறது: நடுவில் பின்பக்கம் தாழ்ந்தும், இரு முனைகளில் முன்பக்கம் உயர்ந்தும். நட்டுக்குப் பக்கத்தில் இழைப்புளி ராடை நக்கிவிடும். அந்த வேலையை எடுக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. அதேபோல 1962 நடுவிலிருந்து பல ஆண்டுகள் ஃபெண்டர் பலகையைத் தட்டையாக ஒட்டாமல், மேப்பிளையே வளைவாக இழைத்து அதன்மேல் மெல்லிய ஈட்டியை வளைத்து ஒட்டியது. அதை உரித்தால் அடியில் கூன் விழுந்த மேப்பிள்தான் கிடைக்கும். தட்டையாக்க நடுவில் இழைத்தால் அதற்கு ஏற்பப் புதுப்பலகையின் கனத்தைக் கூட்ட வேண்டும்.

தட்டையாக ஒட்டிய பலகை என்றால் உரிப்பது இப்படி. கம்பிகளையும் நட்டையும் எடுத்துவிடுங்கள். ட்ரஸ் ராடை முழுவதும் தளர்த்துங்கள். பலகையும் நெக்கும் சேரும் கோட்டில் இருபுறமும் கூரான கத்தியால் வார்னிஷை வெட்டிவிடுங்கள். இல்லையென்றால் பலகை கிளம்பும்போது வார்னிஷைச் சில்லுச் சில்லாகப் பெயர்த்துக்கொண்டு வரும். தலைப்பக்கத்தை அட்டையும் அதன்மேல் அலுமினியத் தாளும் சுற்றி மூடுங்கள். பலகையைச் சுற்றிச் செல்லுலாய்டு பைண்டிங்கோ (ஓரப்பட்டை), பலகையில் இடம் காட்டும் செல்லுலாய்டு புள்ளிகளோ இருந்தால் முதலில் அவற்றை எடுத்துவிட வேண்டும். செல்லுலாய்டு உருகுவதோடு நிற்காது, தீப்பிடிக்கும். பழைய பலகையைப் பயன்படுத்தப் போவதில்லை என்றால் ஃப்ரெட்களைப் பிடுங்காதீர்கள். உலோகம் சூட்டைப் பசைவரை கொண்டுபோகும்.

நீராவி வராத இஸ்திரிப்பெட்டியை அடிப்பக்கத்தில், அதாவது உடம்போடு சேரும் முனையில், வைத்துத் தொடங்குங்கள். அங்கேதான் நெக் கனமாக இருக்கிறது, தவறினாலும் தாங்கும். மரம் சூட்டை மெதுவாகத்தான் விடும். ஒரு பெட்டி நீளத்துக்கு ஐந்து முதல் பத்து நிமிடம் பிடிக்கும். மஞ்சள் தச்சுப் பசையும் விலங்குப் பசையும் 65, 70 டிகிரியைத் தாண்டினால் இளகத் தொடங்கும். பெயிண்டர்கள் பட்டி பார்க்கும் மெல்லிய பிளேடை, முனையின் கூரைத் தேய்த்து மழுக்கி, சூடாக்கிக் கோட்டில் செருகுங்கள். தள்ளினால் வெண்ணெயில் போவதுபோல் போக வேண்டும். பலம் போட வேண்டியிருந்தால் சூடு போதவில்லை என்று பொருள்.

கவனிக்க வேண்டியது நெக்கின் நாரோட்டம். பக்கவாட்டில் பார்த்தால் மேப்பிளின் நார்க் கோடுகள் ஏதோ ஒரு திசையில் சற்றே சாய்ந்து ஓடும். பிளேடு அந்தச் சாய்வோடு உள்ளே இறங்கும் திசையில் போனால் பசைக்கோட்டை விட்டு நெக்கைக் கிழிக்கத் தொடங்கும். பிளேடின் நுனி வெள்ளைச் சிம்பை எடுக்கிறது என்று தெரிந்ததும் நிறுத்தி, எதிர்முனையிலிருந்து வாருங்கள். ஏற்கெனவே பெயர்ந்த சிம்பை அந்தச் சூட்டிலேயே தொடாமல் விட்டு, ஆறியதும் பசை வைத்துத் திரும்ப அமர்த்துங்கள். பசை இளகவில்லையே என்று நீராவி பாய்ச்சுவது நெக்கை முறுக்கிவிடும். சில தொழிற்சாலைகள் போட்டிருக்கும் பாலியூரிதேன் பசையும் சில எபாக்ஸிகளும் இந்தச் சூட்டுக்கு அசையாது. அவற்றில் பலகையை, மரம் குடையும் இயந்திரமான ரூட்டரால் கோட்டுக்கு அரை மில்லிமீட்டர் மேல்வரை அரைத்தெடுத்து, மிச்சத்தை இழைப்புளியால் இறக்குவதே பாதுகாப்பு.

பலகை வந்ததும் நெக்கைத் தட்டையான கனமான மரத்தில் படுக்கவைத்து, லேசாகக் கவ்வி, ஒரு வாரம் விட்டுவிடுங்கள். சூடேறிய மரம் தன் நிலைக்குத் திரும்ப வேண்டும். அதன்பிறகு பழைய பசையைச் சுரண்டி, கூரான இழைப்புளியாலோ, நேரான கட்டையில் ஒட்டிய 120 எண் எமரித் தாளாலோ மட்டப்படுத்துங்கள். எஃகு அளவுகோலை நீளவாக்கிலும் குறுக்காகவும் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தால் அடியில் வெளிச்சம் தெரியக் கூடாது. ட்ரஸ் ராடின் முனையில் இருக்கும் திருகு நட்டின் மரை தேய்ந்திருந்தால் மாற்றுவதற்கு இதைவிட நல்ல நேரம் வராது. நெக்கை இருபக்கமும் வளைக்கவல்ல புது ராடுக்குப் பெரும்பாலும் 6 மில்லிமீட்டர் அகலப் பள்ளம் வேண்டும். ஆழத்தை ராடைக் கையில் வைத்துக்கொண்டுதான் முடிவு செய்ய வேண்டும். பள்ளத்தில் இரண்டு மூன்று இடத்தில் துளி சிலிக்கோன் வைத்தால் பிற்காலத்தில் ராடு கிணுகிணுக்காது.

வீணையில் 24 மெட்டுகளும் மெழுகின் மேல் உட்காருகின்றன. இடம் தவறினால் மெழுகை இளக்கி நகர்த்திக்கொள்ளலாம். பேஸில் அந்தச் சலுகை இல்லை; மரத்தில் அறுத்த பள்ளம் அறுத்ததுதான். 34 அங்குல ஸ்கேல் என்றால் 863.6 மில்லிமீட்டர். அதை ஃப்ரெட் கணக்கின் மாறிலியான 17.817-ஆல் வகுத்தால் முதல் ஃப்ரெட் நட்டிலிருந்து 48.47. மிஞ்சும் நீளத்தை இதேபோல் வகுத்துக் கூட்டிக்கொண்டே போனால் ஐந்தாவது 216.6, ஏழாவது 287.2, பன்னிரண்டாவது சரிபாதி 431.8, இருபதாவது 591.6. எல்லாவற்றையும் நட்டிலிருந்தே அளக்க வேண்டும். ஒரு ஃப்ரெட்டிலிருந்து அடுத்ததை அளந்துகொண்டே போனால், ஒவ்வொரு அளவிலும் விழும் பத்தில் ஒரு மில்லிமீட்டர் பிழை கடைசியில் இரண்டு மில்லிமீட்டராகச் சேர்ந்து நிற்கும்.

பள்ளத்தின் அகலத்தில்தான் அனுபவமில்லாதவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். வழக்கமான ஃப்ரெட் கம்பியின் வேர், அதாவது பள்ளத்துக்குள் இறங்கும் பகுதி, அரை மில்லிமீட்டரை ஒட்டியது, அதில் சிறு முட்கள் உண்டு. ஈட்டியில் 0.58 பள்ளம் நன்றாகப் பிடிக்கும். கருங்காலி அப்படி நசுங்கிக் கொடுக்காது. பள்ளம் இறுக்கமாக இருந்தால் ஒவ்வொரு ஃப்ரெட்டும் ஆப்பாக வேலை செய்யும். ஒவ்வொன்றும் 0.02 மில்லிமீட்டர் விரித்தாலும் 20 ஃப்ரெட் சேர்ந்து பலகையின் மேற்பரப்பை 0.4 மில்லிமீட்டர் நீட்டிவிடும். நெக் பின்பக்கம் வில்லாக வளைந்து, ராடை முழுவதும் தளர்த்தியும் நிமிராது. கருங்காலியில் பள்ளத்தைச் சற்று விட்டு அறுத்து, ஃப்ரெட்டை இறக்கியபின் ஓரத்தில் ஒரு சொட்டு சூப்பர் க்ளூ விடுவது நல்லது. முன்கூட்டியே வெட்டிய கழிவுத் துண்டில் இரண்டு பள்ளம் போட்டு, இரண்டு ஃப்ரெட் அடித்து, துண்டு வளைகிறதா என்று பார்த்துவிட்டால் குழப்பமே இல்லை.

ஆழமும் கணக்குதான். நடுவில் 6 மில்லிமீட்டர் கனமுள்ள பலகையை 9.5 அங்குல ஆரமுள்ள வளைவுக்கு இழைத்தால், 62 மில்லிமீட்டர் அகலமுள்ள அடிமுனையில் ஓரம் 2 மில்லிமீட்டர் இறங்கி 4 ஆகிவிடும். வளைவுக்கு முன் தட்டையில் அறுத்த பள்ளம் ஓரத்தில் ஆழம் குறைந்து, ஃப்ரெட் முனை தூக்கிக்கொண்டு நிற்கும். வளைவு இழைத்த பிறகு ஓரங்களில் பள்ளத்தை மீண்டும் ஆழப்படுத்த மறக்காதீர்கள்.

பசை விஷயத்தில் எங்களுக்குள்ளேயே இருவேறு கட்சி உண்டு. மஞ்சள் பசை, அதாவது அலிபாடிக் ரெசின், நன்றாகப் பிடிக்கும், நாளைக்குச் சூடு காட்டினால் விடும். ஆனால் அதில் தண்ணீர் இருக்கிறது. பலகையின் அடிப்பரப்பு நீரை உறிஞ்சி வீங்கிய நிலையிலேயே ஒட்டி, பின்னர் காய்ந்து சுருங்கும்போது நெக்கையும் இழுக்கும். எபாக்ஸியில் நீர் இல்லை. மெதுவாக உறையும் வகையாக இருந்தால் அவசரமும் இல்லை. எண்ணெய்ப் பசை உள்ள ஈட்டிக்கும் கருங்காலிக்கும் எபாக்ஸி பொருத்தம் என்பது எங்களில் பெரும்பாலோர் முடிவு. 15 கிராம் கலந்தால் தாராளம். வீட்டுத் தச்சுக்கான சாதாரண வெள்ளைப் பசை மட்டும் வேண்டவே வேண்டாம். நாலு கம்பிகளும் சேர்ந்து எண்பது கிலோ வரை இழுக்கின்றன. வெயிலில் நிறுத்திய காருக்குள் அந்தப் பசை இளகி, பலகை மெல்ல வழுக்கும்.

எந்தப் பசையானாலும் ஒட்டுவதற்குச் சில நிமிடம் முன் பலகையின் அடியை அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்து எண்ணெயை எடுத்துவிடுங்கள். ராடின் மேல் குறுகிய டேப் ஒட்டிவிட்டுப் பசையைத் தடவி, பலகையை வைக்கும் கணத்தில் டேப்பை உரித்தால் பசை ராடுக்குள் இறங்காது. பசை வைத்த பலகை சோப்பு மாதிரி வழுக்கும். அதனால் உலர்வாக வைத்துப் பார்க்கும்போதே, 1-ஆம் ஃப்ரெட் பள்ளத்திலும் 18-ஆம் ஃப்ரெட் பள்ளத்திலும் நடுக்கோட்டை விட்டுத் தள்ளி, சின்ன ஆணி போகும் அளவுக்கு ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள். ஆணிகளுக்கு மெழுகு தடவிச் செருகி ஒட்டினால் பலகை நகராது. உறைந்ததும் பிடுங்கிவிடலாம், ஓட்டையை ஃப்ரெட் மறைத்துவிடும்.

கிளாம்ப் 5 சென்டிமீட்டருக்கு ஒன்று, அதாவது 12 வேண்டும். மேலே நேரான கட்டை, அடியில் நெக்கின் முதுகுக்கு ஏற்ற மெத்தை. நடுவிலிருந்து இருமுனைக்கும் போக வேண்டும். எபாக்ஸி என்றால் அளவாக இறுக்குங்கள், முழுப் பசையும் பிதுங்கி வெளியே வந்துவிட்டால் ஒட்டுவதற்கு உள்ளே ஒன்றும் இருக்காது. 24 மணி நேரம் கழித்து கிளாம்பை எடுக்கலாம். வளைவு இழைக்கும் வேலையை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள்.

வளைவுக் கட்டையில் 80, 120, 220, 320 என்று எமரித் தாளை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். பலகை முழுக்கப் பென்சிலால் கிறுக்கிவிட்டுத் தேய்த்தால் தாழ்ந்த இடத்தில் கிறுக்கல் மிஞ்சும். கருங்காலிக்கு 600-க்கு மேலும் போகலாம். கண்ணாடி போல் மின்னும். ஈட்டித் தூளும் பாவ் ஃபெரோ தூளும் பலருக்குத் தோலில் கொப்புளமும் மூச்சிரைப்பும் கொண்டுவரும். என்95 முகக்கவசம், முழுக்கைச் சட்டை இல்லாமல் தேய்க்காதீர்கள். ஈட்டியை எடுத்துவிட்டு மேப்பிள் போடுபவர்களுக்கு ஒன்று: ஈட்டியும் கருங்காலியும் பூச்சு கேட்காது, மேப்பிளுக்கு லாக்கர் அடித்தே ஆக வேண்டும். இல்லையென்றால் வியர்வையும் அழுக்கும் ஏறி ஆறே மாதத்தில் சாம்பல் நிறமாகும்.

ஃப்ரெட் போட்டு மட்டம் பார்த்த பிறகு நட்டைப் புதிதாக வெட்டுங்கள். பழைய நட்டின் பள்ள உயரம் புதுப்பலகைக்குப் பொருந்தாது. கம்பி ஏற்றி, சுருதி சேர்த்து, ஒரு நாள் விட்டுப் பிறகு ராடைத் தொடுங்கள். ஒரு கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்து, 7-ஆம் ஃப்ரெட்டில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) செருகினால் 0.25 முதல் 0.4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். கருங்காலி நெக்கை விறைப்பாக்குவதால் பழைய பலகையில் தேவைப்பட்ட அளவு ராடு இறுக்கம் இப்போது தேவைப்படாது. ஒரேயடியாக முறுக்காமல் கால் சுற்றுகளாகப் போங்கள். முதல் இரண்டு மாதம் வாரம் ஒருமுறை இதே அளவைப் பாருங்கள். அது நகர்ந்துகொண்டே இருந்தால் பலகை இன்னும் காய்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அது ஓயும்வரை ஃப்ரெட் முனைகளை இறுதியாக அராவ வேண்டாம்.

இப்படிக்கு,
கிட்டார் பழுதுபார்க்கும் தொழிலாளர்கள் சிலர்,
சென்னை